இடப்பக்கத்திலிருந்து யாரும் வருவதில்லை

அமுக்கினான். மறுபடி அமுக்கினான். வலது ஓரத்தில் கடுகு அளவு வெளிச்சம் ஒன்று தோன்றி அணைந்தது, அதற்கு ஒன்று. நெற்றிக்கு நேராக மேலே இன்னொன்று, அதற்கு ஒன்று. பட்டன் நல்ல பட்டன். கட்டைவிரல் உட்கார ஒரு குழி, அமுக்கினால் உள்ளே சின்னதாக ஓர் எதிர்ப்பு, பிறகு விட்டுக்கொடுத்தல். இந்த மாதிரிப் பட்டனை இப்போது யார் செய்கிறார்கள் என்று கிருபாகரன் நினைத்தான். போன தீபாவளிக்கு வாங்கிய வீடியோ கேம் கன்ட்ரோலரில் பட்டன்கள் ஆறே மாதத்தில் கொழகொழவென்று ஆகிவிட்டன. இதை எத்தனை பயந்த கட்டைவிரல்கள் அமுக்கியிருக்கும், ஆனாலும் அப்படியே இருக்கிறது. "கண்ணை அசைக்காதீங்க சார். நடுவுல மஞ்ச லைட்டு, அதை மட்டும் பாருங்க. ஓரத்துல எங்கயாவது புள்ளி தெரிஞ்சா அமுக்குங்க. தேடக் கூடாது," என்றாள் இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண். கண் ஆஸ்பத்திரியின் அந்தச் சின்ன அறையில் பார்வையின் ஓரங்களை அளக்கிற இயந்திரத்தை இயக்குவது அவள்தான். அவனுக்கு முன்னால் உள்ளே போன பெரியவரை இரண்டு முறை எழுப்பினாள். தூங்கினா கண்ணு தெரியலைன்னு எழுதிடும் ஐயா என்று அவள் சொன்னது வெளியே பெஞ்சுவரை கேட்டது, அவனும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான். இப்போது அவனுடைய தாடை அதே தாங்கியில் இருந்தது. நெற்றி ஒரு பட்டையில் அழுந்தியிருந்தது. இடது கண்ணைப் பஞ்சு வைத்து மூடியிருந்தார்கள். வலது கண்ணுக்கு எதிரே, கவிழ்த்த பெரிய கிண்ணத்தின் உட்புறம்போல ஒரு வெள்ளை. சுவரும் இல்லை, மூலையும் இல்லை. தேடக் கூடாது. அதுதான் கஷ்டம். முப்பது வருடமாக இந்தக் கண்களுக்கு அவன் பழக்கிய ஒரே வேலை தேடுவது.

யாராவது கேட்டால், இது அவன் ஆடியதிலேயே மோசமான கேம் என்று சொல்வான். இசை இல்லை. எத்தனை உயிர் மிச்சம் என்று மேலே காட்டவில்லை. சுட்டால் வெடிக்கவில்லை. ஆனால் ஒன்று, சுற்றி வளைக்கவில்லை. இப்போது வருகிறவை எல்லாம் சுற்றி வளைக்கின்றன. ஒரு கேமை வாங்கினால் அது இறங்குவதற்கு ஒரு ராத்திரி, இறங்கியதைத் திருத்துவதற்கு இன்னொரு ராத்திரி, அப்புறம் தாடி வைத்த ஒரு தகப்பன் மழையில் நடந்துகொண்டே அழுவதை முக்கால் மணி நேரம் பார்க்க வேண்டும். எல்லாக் கேமிலும் ஏன் ஒரு சோகமான தகப்பன்? ஆபீசில் உள்ள இளவட்டங்களிடம் டீ குடிக்கும்போது இதை அவன் பலமுறை சொல்லியிருக்கிறான். அங்கிள் ஆரம்பிச்சிட்டாரு என்பார்கள். அவன் விடமாட்டான். சிங்காரத்தோப்பில் ஹபீப் பாய் கடையில் காசு போட்டு ஆடிய கேமுக்கு யாராவது பாடம் எடுத்தார்களா? போட்டால் ஓட வேண்டும், ஓடினால் குதிக்க வேண்டும், தப்பாகக் குதித்தால் பள்ளம். அவ்வளவுதான் சட்டம். நேர்மை. எதிரி எங்கிருந்து வருவான் என்பதில் ஒரு நேர்மை இருந்தது. நம் ஆள் இடப்பக்கம் நிற்பான், உலகம் வலப்பக்கத்திலிருந்து வரும். ஆமை வந்தாலும் அம்பு வந்தாலும் வலப்பக்கத்திலிருந்துதான். இடப்பக்கம் என்பது கடந்து வந்தது, முடிந்தது, திரை அதை விழுங்கிவிடும், திரும்பிப் போகக்கூட முடியாது. இடப்பக்கத்திலிருந்து யாரும் வருவதில்லை. அந்த நம்பிக்கையில்தான் ஓடினார்கள். வலப்பக்கம் ஒரு புள்ளி. அமுக்கினான். கீழே வலப்பக்கம், மங்கலாக, இருந்ததா? அமுக்கினான்.

இப்போது எல்லாப் பக்கமும் வருகிறார்கள். அதுவும் இருட்டில். புதிய கேம்களைப் பற்றி அவனுடைய முதல் புகார் அதுதான், இருட்டு. கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு குகையைக் கட்டிவிட்டு அதில் விளக்கை அணைத்துவைக்கிறார்கள். கேம் தொடங்கும் முன் ஒரு திரை வரும், வெளிச்சத்தைச் சரிசெய்யச் சொல்லி. இரண்டு பக்கமும் இரண்டு சின்னங்கள் இருக்கும். வலப்பக்கம் உள்ளது நன்றாகத் தெரிய வேண்டும், இடப்பக்கம் உள்ளது தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும், அதுவரை கோட்டில் உள்ள குமிழை நகர்த்து என்று சொல்லும். அவன் கோட்டின் கடைசிவரை நகர்த்துவான். படம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும். இடப்பக்கச் சின்னம் வராது. டி.வி. சரியில்லை என்று முதலில் நினைத்தான். புது டி.வி. வாங்கினான், தவணையில், மனைவி வசுமதி இரண்டு நாள் பேசவில்லை. அதிலும் வரவில்லை. அப்புறம் இந்தக் கம்பெனிக்காரர்களுக்குச் சோதித்துப் பார்க்கிற பழக்கமே போய்விட்டது என்று முடிவுகட்டி, இணையத்தில் நீளமாக ஒரு விமர்சனம் எழுதினான். கீழே ஒருவன் எழுதினான், எனக்குத் தெரிகிறதே. அதற்கு அவன் ஒரு கிண்டலான பதில் போட்டான். என்ன பதில் என்று இப்போது நினைவில்லை. கண்ணைச் சோதித்துக்கொள் என்று அந்த ஆளுக்குச் சொன்னானோ? அப்படித்தான் சொல்லியிருப்பான். அந்த மாதிரிப் பதில்தான் அவனுக்கு வரும். பிரகதி பக்கத்தில் சோபாவில் கால் மடித்து உட்கார்ந்து பார்ப்பாள். எட்டாம் வகுப்பு படிக்கிறவளுக்கு அவன் ஆடுவதைப் பார்ப்பது தான் ஆடுவதைவிடப் பிடிக்கும். முறுக்கைக் கடித்துக்கொண்டே, லெப்ட்லப்பா, லெப்ட்ல, என்பாள். அவன் திரும்புவதற்குள் அடி விழுந்திருக்கும். சும்மா நடிக்கிறேப்பா நீ என்று அவன் தோளில் அடிப்பாள். அவனும் நடித்ததாகவே வைத்துக்கொள்வான். தோற்கிறவனாக நடித்துக் குழந்தையைச் சிரிக்கவைக்கிற தகப்பன்.

டக் என்று ஒரு சத்தம். கிண்ணத்துக்குப் பின்னால் எங்கோ. ஒரு சத்தம், ஒரு இடைவெளி, ஒரு புள்ளி. அவன் காது அதை எப்போதோ பிடித்துவிட்டது. அவனைக் கேட்காமலேயே பிடித்துவிட்டது. புள்ளி வருவதற்கு முன் உள்ளே ஏதோ நகர்கிறது, மெல்லிய முனகல், பிறகு டக். எந்தக் கேமிலும் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். பூதம் கதாயுதத்தை ஓங்குவதற்கு முன் தோளைத் தூக்கும். தோளைப் பார்த்தால் போதும், ஆயுதத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஹபீப் பாய் கடையில் கடைசிக் கட்டத்து ராட்சசனை அவன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான், சத்தத்தை மட்டும் வைத்து. கடையே கூடி நின்றது. டக். அமுக்கினான். டக். அமுக்கினான். புள்ளி தெரிந்ததா? தெரிந்திருக்கும். வந்தது வந்துதானே இருக்கும், சத்தம் வந்ததே. போன வருடம் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரியில் இதே சோதனையை இப்படித்தான் முடித்தான். முடித்ததும் அந்த டாக்டர், இந்த ரிசல்ட்டை நம்ப முடியலை, அடுத்த மாசம் வந்து மறுபடி எடுங்க என்றார். நம்ப முடியாத அளவுக்கு நன்றாக ஆடியிருக்கிறேன் என்று வசுமதியிடம் சொன்னான். வேடிக்கையாகத்தான் சொன்னான். அடுத்த மாதம் போகவில்லை. ஜெயித்த ஆட்டத்தை யார் திரும்ப ஆடுவார்கள்? டக். அமுக்கினான். டக். அமுக்கினான். டக். அமுக்கினான்.

முனகல் நின்றது. பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. "சார், நிறுத்திட்டேன்," என்றாள் அந்தப் பெண். குரலில் கோபமில்லை; இதைத் தினமும் சொல்கிற குரல். "இந்த மெஷின் சில தடவை சத்தம் மட்டும் போடும், லைட்டே போடாது. சும்மா பாக்கும். நீங்க அத்தனைக்கும் அமுக்குறீங்க." அவன் தாடையை எடுக்காமலே, தெரியிற மாதிரி இருந்துச்சும்மா என்றான். அவள் கொஞ்சம் சிரித்தாள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். இன்சூரன்ஸ் ஆபீஸ் என்றான். கை ரொம்ப ஸ்பீடா இருக்கே, அதான் கேட்டேன் என்றாள். பிறகு, "இதுல ஜெயிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல சார். தெரியலைன்னா சும்மா இருங்க. முதல்லேர்ந்து எடுக்கலாம்," என்றாள்.

சும்மா இருங்க. மறுபடி முனகல், மறுபடி வெள்ளை. அந்த இயந்திரத்தின்மேல் அவனுக்கு ஒரு மரியாதை வந்தது. வெறும் தோளை மட்டும் தூக்கிக் காட்டி ஏமாற்றுகிற பூதத்தை அவன் பார்த்ததில்லை. டக். கட்டைவிரல் துடித்தது, பிடித்துவைத்தான். ஒன்றுமில்லை. சத்தம் மட்டுமா, இல்லை புள்ளியும் வந்ததா? டக். வலப்பக்கம், ஆமாம், அமுக்கினான். டக். ஒன்றுமில்லை. டக். ஒன்றுமில்லை. இயந்திரம் எவ்வளவுதான் ஏமாற்றும்? எல்லாமே ஏமாற்றாக இருக்க முடியாது. இந்த வெள்ளையில் எங்கோ, மூக்குக்கு அந்தப் பக்கம், ஒரு புள்ளி வந்து நின்று, அவனுக்காகக் காத்திருந்து, போய்க்கொண்டிருக்கிறது. அங்கே இருட்டுகூட இல்லை. இருட்டாக இருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும், ஐயோ இருட்டு என்று ஓடிவந்திருப்பான். அங்கேயும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. வெள்ளை மாதிரி ஒன்றைப் போட்டு யாரோ நிரப்பிவைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கும் அப்படித்தான் நிரப்பிவைத்திருப்பார்கள். அப்பாவைப் பற்றி நினைக்கக் கூடாது என்று காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்திருந்தான். அப்பா கடைசிக் காலத்தில் எதைப் பார்ப்பதற்கும் கோழி மாதிரி முழுத் தலையையும் திருப்புவார். கண்ணில் பிரஷர் என்று அப்போது சொன்னார்கள். ரத்தத்தில் இருக்கிற பிரஷர் மாதிரி அதுவும் ஒன்று என்று நினைத்தார்கள், உப்பைக் குறைத்தார்கள். அதற்கும் முன்னால், யாருக்கும் ஒன்றும் தெரியாத காலத்தில், ஒருநாள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பியவர் வாசலில் நின்று சைக்கிள் சாவியை அவனிடம் நீட்டினார். இனிமே நீயே ஓட்டு என்றார். காரணம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. பதினோராம் வகுப்பில் சொந்தமாகச் சைக்கிள் கிடைக்கிறவன் எதற்குக் காரணம் கேட்பான்? அம்மா அடுப்படியில் இருந்தாள். அப்பா நடந்தே போனார், பாலக்கரைவரை, வெயிலில், சுவரோரமாக. அவன் சைக்கிளை நேராக ஹபீப் பாய் கடைக்கு விட்டான்.

டக். மேலே வலப்பக்கம். அமுக்கினான். அதற்குப் பிறகு ஒருநாள் அப்பா அவனைத் தேடிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து ஏதோ புகார். வாசலில் அவருடைய செருப்புச் சத்தத்தை அவன்தான் முதலில் கேட்டான். ஓட வழியில்லை. கேம் பெட்டிக்கு முன்னால் அப்படியே உறைந்து நின்றான். அப்பா வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார், ஒவ்வொரு பெட்டியாக, ஒவ்வொரு முதுகாக. அவனுக்குப் பக்கத்தில் வந்தார். சட்டையின் கஞ்சி வாசனை தெரிகிற தூரம். அவருடைய இடப்பக்கம் அவன் நின்றான். கடந்து போனார். ஹபீப் பாயிடம் என் பையன் வந்தானா என்று கேட்டார், பாய் அவனைப் பார்த்துவிட்டு இல்லை என்றார். அப்பா போய்விட்டார். கடையே சிரித்தது. உங்கப்பனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாடா என்று ஒருவன் கேட்டான், அவனும் சிரித்தான். அசையாமல் நின்றால் பூதத்துக்குத் தெரியாது என்று அப்போது ஒரு கேம் இருந்தது. அதைத்தான் வெகுகாலம் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அசையாமல் நின்றேன், தெரியவில்லை. இல்லாவிட்டால் அவர் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனார் என்று, கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை, தகப்பனான பிறகு, கொஞ்சம் உருக்கமாகவே வசுமதியிடம் சொல்லியிருக்கிறான். எவ்வளவு பெரிய மனசு பார் என்று. வெள்ளை. வெள்ளை. டக். ஒன்றுமில்லை. கட்டைவிரலைப் பட்டன் மேலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

வலது கண் முடிந்தது. அவள் பஞ்சை மாற்றி ஒட்டினாள். விரலில் ஸ்பிரிட் வாசனை. நல்லா பண்ணுனீங்க, இப்ப இடது கண்ணு, கொஞ்சம் நேரமாகும் என்றாள். ஏன் நேரமாகும் என்று கேட்கவில்லை. பதில் தெரிந்தவர்களிடம் கேட்கக் கூடாத கேள்விகளில் அது ஒன்று. மஞ்சள் விளக்கு முதலில் கிடைக்கவே இல்லை, கொஞ்சம் நேராப் பாருங்க என்றாள், கிடைத்தது, இருந்தது, தண்ணீருக்குள் கிடக்கிற காசு மாதிரி. டக். டக். டக். மழைக்காலத்துக் கூரையில் சொட்டுகிற மாதிரி டக். இடையில் எப்போதாவது நடுவுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, அதைப் பார்த்ததும் தெரிந்தவனைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம், அமுக்கினான். பிறகு மறுபடி சத்தம் மட்டும். ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொள்ளலாம். இன்னும்கூட நினைத்துக்கொள்ளலாம். இடைவெளி அவனுக்குத் தெரியும். அவள் சொன்னபடி எல்லாவற்றுக்கும் அமுக்காமல், மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று என்று கலைத்துக் கலைத்து அமுக்கினால் இயந்திரத்தால் கண்டுபிடிக்க முடியாது. முப்பது வருட அனுபவத்துக்கு இது பெரிய வேலை இல்லை. பரவாயில்லை, சொட்டு மருந்து போடுங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்பார்கள். ஆறு மாதம் கிடைக்கும். புதிதாக வருகிற அந்தப் பாலைவனக் கேமை முடித்துவிடலாம். கட்டைவிரல் தானாகவே குழிக்குத் திரும்பி உட்கார்ந்தது. டக்.

போன வாரம் தென்னூர் பாலம் இறங்குகிற இடத்தில் அந்தச் சைக்கிள்காரன் எங்கிருந்து வந்தான் என்று தெரியவில்லை. அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னான். எங்கிருந்தோ வந்தான். பார்க்காமல் வந்தான். இப்போதெல்லாம் யாருக்கு ஒழுங்காக ஓட்டத் தெரிகிறது? பின்னால் பிரகதி இருந்தாள், டியூஷன் பையை மடியில் வைத்துக்கொண்டு. சைக்கிளின் ஹேண்டில்பார் ஸ்கூட்டரில் உரசியபோதுதான் அங்கே ஒரு சைக்கிள் இருப்பது தெரிந்தது. வண்டி சாய்ந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, அவளுக்கு முழங்கையில் தோல் வழன்றது, பஸ் ஒன்று சற்றுத் தள்ளி நின்றது. தள்ளித்தான் நின்றது. பஸ்ஸின் முன்சக்கரம் எவ்வளவு தள்ளி இருந்தது என்பதை அவன் பார்க்கவில்லை, அது இடப்பக்கம் இருந்தது. யாரோ சொன்னார்கள். மருந்துக்கடை வாசலில் உட்கார்ந்து முழங்கையை ஊதிக்கொண்டே அவள் சொன்னாள். அழவில்லை, கோபப்படவில்லை, முறுக்கைக் கடிக்கும்போது சொல்கிற அதே குரல். "லெப்ட்டு லெப்ட்டுன்னு கத்துனேனேப்பா. ஏன் நடிச்ச?"

டக். அவன் அமுக்கவில்லை. டக். அமுக்கவில்லை. மஞ்சள் காசைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்டது. இயந்திரம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது, பொறுமையாக, இங்கே தெரிகிறதா, இங்கே, இன்னும் கொஞ்சம் பிரகாசமாகப் போட்டால் தெரிகிறதா என்று, அவனிடம் இதற்கு முன் யாரும் இவ்வளவு பொறுமையாக எதையும் கேட்டதில்லை. கட்டைவிரல் வலித்தது. அமுக்காத விரல் வலிக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அப்பா வாசலில் சாவியை நீட்டியபோது அவருடைய கை எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தான். கை நினைவில் இல்லை. சாவி மட்டும் இருந்தது, சிவப்பு நூல் கட்டிய சாவி. டக். கீழே ஒன்று, மிக மங்கல், இருக்கிறதா என்று யோசிப்பதற்குள் போய்விட்டது. யோசிக்க வேண்டியிருந்தால் அது இல்லை என்று வைத்துக்கொண்டான். அமுக்கவில்லை. சார், தூங்கிட்டீங்களா என்றாள் அவள். இல்லைம்மா என்றான். சரி என்றாள். அவளுக்கு முன்னாலிருந்த திரையின் வெளிச்சத்தில் எழுத்துகள் நகர்ந்தன, அவன் அதைப் பார்க்கவும் கூடாது.

வெளியே பெஞ்சில் வசுமதி போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கி, எப்படி இருந்துச்சு என்று கண்ணாலேயே கேட்டாள். கேம் மாதிரிதான் என்றான். டாக்டர் மத்தியானத்துக்கு மேல்தான் பார்ப்பார், அப்போது ரிசல்ட்டும் வந்துவிடும், சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று கவுன்டரில் சொல்லியிருந்தார்கள். கண்ணில் மருந்து ஊற்றுவதும் அப்போதுதான். இருவரும் படியிறங்கினார்கள். வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது. போனில் அவளுடைய அக்கா. பிரகதிக்குப் பாவாடை தாவணி எடுப்பதைப் பற்றிய பேச்சு, அது போன மாதத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நெருக்கியடித்து நின்ற வண்டிகளுக்கு நடுவிலிருந்து அவன் ஸ்கூட்டரை இழுத்து வெளியே எடுத்தான், வாசலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினான். வசுமதி ஓட்டக் கற்றுக்கொண்டு நாலைந்து வருடம் ஆகிறது. அவள் ஓட்டினால் ஆமை முந்திவிடும் என்று அவன் சொல்லிச் சொல்லி, அவன் இருக்கும்போது அவள் கைப்பிடியைத் தொடுவதில்லை. பச்சையே எடுத்துரலாம்க்கா, அவளுக்குப் பச்சைதான் நல்லாருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். அவள் பேசிக்கொண்டே அதை வாங்கினாள், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு புடவையைச் சேர்த்துச் செருகினாள், சரி அப்புறம் கூப்பிடுறேன் என்று வைத்தாள். கிருபாகரன் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.